எழுத்தாக வராத பாடம்

பல்கலைக்கழகங்களில் பயிலும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான வசதிகளையும் உதவித் தொழில்நுட்பத்தையும் பற்றிப் பேசப் பெங்களூரில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்க என்னை அழைத்ததைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். கூடவே ஒரு தயக்கமும் உண்டு. சட்டம் கற்றவர்கள், கருவி செய்பவர்கள், அந்தக் கருவிகளை நாள்தோறும் கையாண்டு பட்டம் பெற்றவர்கள் எல்லோரும் இந்த அவையில் அமர்ந்திருக்கிறீர்கள். மொழித்துறையிலிருந்து வரும் ஒருவர் உங்கள் முன் தலைமை உரை ஆற்றுவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. பார்வையற்ற மாணவர்கள் பெரிதும் சேர்கிற துறைகளுள் மொழி இலக்கியத் துறைகளும் அடங்கும். அவர்களுக்கு வேண்டிய முதல் பொருளாகிய பாடநூலைப் படிக்கத்தக்க வடிவில் தராமல் நெடுங்காலம் இருந்துவருவதும் எங்கள் துறைகளே. ஆகவே என் உரை அதைப் பற்றியதாகவே பெரும்பாலும் அமையும்.

கருத்தரங்கின் பொதுப் பொருளை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் அதைக் குறைந்தது 5 விழுக்காடாக்கியது, ஏற்கப்படும் குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21ஆக விரித்தது, நியாயமான தகவமைப்பை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுத்தது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தகவமைப்பு 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்றிதழுக்குள் அடங்கிவிடுவதன்று என்று தெளிவுபடுத்தியது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. இவை இந்த அவைக்குப் பாலபாடம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர், எழுதுவதில் இடர்ப்படுவோருக்குக் கூடுதல் நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அமர்வுகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டுரையாளர்களிடம் விட்டுவிடுகிறேன். ஒரு தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2017 டிசம்பர் 15 அன்று, மாற்றுத்திறனாளர் உரிமைக் குழு தொடுத்த வழக்கில், நீதிபதி ஏ. கே. சிக்ரி அமர்வு உயர்கல்வி பற்றி மூன்று கேள்விகளை எடுத்தது: இடஒதுக்கீடு, கட்டட அணுகல், கற்பிக்கும் முறை. முதலிரண்டையும் எண்ணிக் காட்டலாம். எத்தனை இடம் நிரம்பியது, எத்தனை சாய்தளம் கட்டப்பட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதலாம். மூன்றாவது அப்படி எண்ணத் தக்கதல்ல. அதனாலேயே அது பேசப்படாமல் போயிற்று. பாடம் எந்த வடிவில் மாணவரைச் சேர்கிறது என்னும் கேள்வி அந்த மூன்றாவதற்குள் இருக்கிறது.

உதவித் தொழில்நுட்பம் என்றவுடன் நாம் கருவிகளைப் பட்டியலிடத் தொடங்குகிறோம். மடிக்கணினி, திரைவாசிப்பான், பிரெய்ல் காட்டி, கைபேசிச் செயலி என்று பட்டியல் நீள்கிறது. கருவிகளில் இன்று பஞ்சம் பெரிதாக இல்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழையும் கன்னடத்தையும் வாசிக்கும் குரல்களும் இலவசமாகவே உண்டு. ஆனால் எழுத்து எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால்தான் இந்தக் கருவிகளால் வாசிக்க முடியும். இங்குதான் நம் பல்கலைக்கழகங்கள் தவறுகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் ‘தமிழ்’ என்னும் சொல் நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்குள் அது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவே. திரைவாசிப்பான் உள்ளதை உள்ளபடி வாசிக்கும்; மாணவருக்கு ஜே, கே, பி, ஓ என்றே கேட்கும். கன்னடத்தில் பழைய நுடி எழுத்துருக் கோப்புகளுக்கும் இதே நிலை. இவ்வூரில் தமிழ் படிப்பவரும் கன்னடம் படிப்பவரும் இந்த ஒரு துன்பத்தில் உடன்பிறந்தவர்கள். கோப்பையே தராமல் அச்சுப்படியை ஒளிவருடிப் படமாகத் தந்தால் திரைவாசிப்பான் வாய் திறப்பதே இல்லை. ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்ததைக் கவனமின்றிப் பி.டி.எஃப். ஆக்கினாலும் கொம்பு தனியே, எழுத்து தனியே பிரிந்து சொற்கள் சிதைகின்றன. பாடத்திட்டம், வினாத்தாள், துறைக் குறிப்பேடு, ஆய்வேடு என்று பல்கலைக்கழகம் வெளியிடுபவற்றில் பெரும்பகுதி இந்த மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கிறது. நியாயமான தகவமைப்பின் முதற்படி பாடத்தை எழுத்தாகத் தருவது. அது நிறைவேறாத இடத்தில் கருவி வழங்கும் விழாக்களால் பயன் மிகக் குறைவு. இதுவே நான் இன்று நிறுவ விரும்புவது.

இந்நிலை எப்படி வந்தது என்பதை அச்சகத்தில் போய்த்தான் அறிய வேண்டும். தமிழகத்திலும் கர்நாடகத்திலும் டி.டி.பி. தொழில் பேஜ்மேக்கர் மென்பொருளின் மீது வளர்ந்தது. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இந்திய மொழிகளுக்கான ஒருங்குறியை அது அறியாது. தொழிலாளர்களின் விரல்கள் பழைய விசைப்பலகைக்குப் பழகிவிட்டன. சேர்த்து வைத்த கோப்புகள் எல்லாம் பழைய எழுத்துருவில் உள்ளன. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மொழியறிஞர்களாகிய நாம் அந்த ஆண்டுகளில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைக் கேட்கத்தான் வேண்டும். 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றபோது அது இஸ்கி என்னும் இந்தியக் குறிமுறையின் சாயலில் அமைந்தது. மெய்யும் உயிர்மெய்க் குறிகளும் சேர்ந்தே எழுத்து உருவாக வேண்டியிருந்தது. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று அறிஞர் பலர் வாதிட்டனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன; இணையத்தில் டிஸ்கி ஏற்கெனவே புழங்கியது; பிறகு 16 பிட் அனைத்தெழுத்துக் குறியேற்றம் முன்மொழியப்பட்டது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு சேர்த்தே ஏற்றது. அனைத்தெழுத்து முறைக்காக நின்ற நண்பர்களின் மொழிப்பற்றை மதிக்கிறேன். தமிழின் எழுத்தமைப்பை அவர்கள் என்னைவிட நன்கு அறிந்தவர்கள். ஆனால் அந்த விவாதத்தின் மேடைகளில் ‘இதைப் பார்வையற்றவர் எப்படி வாசிப்பார்’ என்னும் கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அது முதலில் எழுந்திருந்தால், உலகக் கருவிகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட ஒரு தரத்தில் ஒன்றுபடுவதே முதல் தேவை, எந்தத் தரம் இலக்கணத்துக்கு அழகு என்பது அடுத்தது என்று விளங்கியிருக்கும். இன்னொன்றையும் அந்த நண்பர்களின் கவனத்துக்கு வைக்கிறேன். 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில், கொம்பு வாங்கும் எழுத்தாயினும் மெய்க்குறி முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும்தான் வரும். ஒருங்குறிக்கு எதிராகச் சொல்லப்பட்ட அதே அடுக்குமுறையில் விரலால் தமிழ் படித்த தலைமுறைகள் நமக்கு முன்பே இருந்திருக்கின்றன.

பாடம் எழுத்தாக இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு நம் கையிலேயே சான்று இருக்கிறது. உதவித் தொழில்நுட்பம் பற்றிய கட்டுரைகளில் அதை யாரும் குறிப்பிடாதது எனக்கு நெடுநாள் வருத்தம். 1998 பொங்கலையொட்டி, சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். சங்க நூல்கள், நீதிநூல்கள், பக்திப் பாடல்கள், சிற்றிலக்கியங்கள், தற்கால உரைநடை ஆகியவற்றைக் கையால் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வெளியிட்டார்கள். ஒரு காலத்தில் டிஸ்கியில் இருந்தவை பின்னர் ஒருங்குறிக்கு மாறின. அந்த மாற்றம் இயன்றதற்குக் காரணம் அவை தொடக்கம் முதலே எழுத்தாக இருந்ததுதான். ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஒரு நிரல் போதுமாயிற்று. பார்வையற்றோருக்காகத் தொடங்கிய முயற்சியன்று அது. ஆயினும் பார்வையற்ற தமிழ் மாணவர் ஒருவர் தொல்காப்பியத்தையோ சிலப்பதிகாரத்தையோ யாரையும் எதிர்பாராமல் தாமே திறந்து வாசிக்க முடிகிறதென்றால், அதற்கு அந்தத் தட்டச்சாளர்களுக்கே முதல் நன்றி சேர வேண்டும். மாறாக, ஆய்வேடுகளின் மின்படியைக் கட்டாயமாக்கிய 2009ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு ஒழுங்குமுறையின் பயனாய் வளர்ந்த ஷோத்கங்கா என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியத்தைப் பாருங்கள். பெருஞ்செல்வம் அது. ஆனால் அதிலுள்ள தமிழ் ஆய்வேடுகளில் பலவும் ஒளிவருடிய படங்களாகவோ பழைய எழுத்துருக் கோப்புகளாகவோ கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் கணினியில்தான் எழுதினார்கள். எழுத்தாகப் பிறந்ததை அச்சிட்டு, படம் பிடித்து, படமாக ஏற்றியிருக்கிறோம். தன்னார்வலர்கள் படத்தை எழுத்தாக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் எழுத்தைப் படமாக்கிக்கொண்டிருந்தன.

அறிவியல் துறை நண்பர்கள் இது மொழித்துறைச் சிக்கல் மட்டுமே என்று எண்ண வேண்டாம். டி. வி. ராமன் 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய ஆஸ்டர் என்னும் முறை, கணிதத்தைக் காதால் கற்க வழிசெய்தது. பார்வையற்றவரான அவருடைய பணியில் குரலின் நயத்தைப் பலரும் பாராட்டினார்கள். அடிப்படை வேறிடத்தில் இருக்கிறது. அந்த முறை லாடெக் என்னும் அச்சுக்கோப்பு முறையின் மூலக்கோப்பை வாசித்தது. எது தொகுதி, எது பகுதி, அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அந்தக் கோப்பில் குறிக்கப்பட்டிருந்தது. அச்சுப் பக்கத்தின் படத்தை மட்டும் கொடுத்திருந்தால் அன்றைய நிலையில் அந்த ஆய்வே எழுந்திருக்காது. நமது கணித, இயற்பியல் துறைகளில் ஆசிரியர்கள் லாடெக்கில்தான் எழுதுகிறார்கள். மாணவர்களுக்குத் தருவது பி.டி.எஃப். மட்டும். மூலக்கோப்பைத் தருவதற்கு ஒரு காசும் செலவில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். இன்று வலுவாகச் சொல்லப்படுவது, படத்திலிருந்து எழுத்தை அறியும் எழுத்துணரியும் செயற்கை நுண்ணறிவும் இந்தச் சிக்கலைத் தாமே தீர்த்துவிடும், ஆகவே மூலக்கோப்பைப் பற்றிய கவலை பழங்கதை என்பது. இந்நகரத்தில் நின்று எழுத்துணரியைக் குறைத்துப் பேசுவது நன்றி மறந்ததாகும். இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழு தமிழுக்கும் கன்னடத்துக்கும் எழுத்துணரியும் பேச்சு ஒலிப்பானும் உருவாக்கியது. சென்னையில் அந்த எழுத்துணரியைக் கொண்டு தமிழ்ப் பாடநூல்கள் பிரெய்லுக்கு மாற்றப்பட்டன. மூலக்கோப்பு அழிந்துபோன பழைய நூல்களுக்கு இதைவிட்டால் வழியில்லை. ஆனால் நேற்று கணினியில் அடித்த வினாத்தாளுக்கு எழுத்துணரி எதற்கு? பழைய நூல்களிலும் அதன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். நூற்றுக்கு 98 எழுத்து சரியாக வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். 1,500 எழுத்துள்ள ஒரு பக்கத்தில் 30 பிழை, 200 பக்க நூலில் 6,000 பிழை. தமிழில் அந்தப் பிழைகள் எங்கே விழும் என்பதும் முக்கியம். பல எழுத்துருக்களில் காலும் ரகரமும் ஒரே கோடு. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, லை போன்றவை வேறு வடிவில் உள்ளன. கண்ணுள்ள வாசகர் பிழையைக் கண்டவுடன் மனத்துக்குள் திருத்திக்கொண்டு போவார். திரைவாசிப்பானில் கேட்பவருக்கோ அது நூலாசிரியரின் சொல்லா, கருவியின் பிழையா என்று தெரியாது.

செயற்கை நுண்ணறிவு இந்தப் பிழைகளைத் தானே திருத்தும் என்கிறார்கள். அங்கேதான் மொழித்துறையினருக்கு அச்சம் எழ வேண்டும். அது வழக்கமான சொல்லை ஊகித்து இடும். உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் ஏடு ஏடாக ஒப்பிட்டுக் காத்துத் தந்த பாடவேறுபாடுகளில் பலவும் வழக்கத்துக்கு மாறான சொற்கள்தாம். அரிய பாடத்தைப் பிழை என்று கருதி எளிய பாடமாக்கிவிடும் கருவியை நம்பி மூலபாட ஆய்வு செய்ய முடியுமா? கண்ணுள்ள மாணவருக்கு அடிக்குறிப்போடு கூடிய பதிப்பு, பார்வையற்ற மாணவருக்கு ஊகத்தால் ஒழுங்குபடுத்திய பாடம் என்று இரு வேறு நூல்களை ஒரே வகுப்பில் நாம் நடத்தக் கூடாது. தமிழ் விக்கிமூலத்தில் எழுத்துணரி தந்த பக்கங்களை மனிதர்கள் ஒவ்வொன்றாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். அந்த உழைப்பே நம்பகத்தைத் தருகிறது. மொழித்துறை மாணவர்களின் பயிற்சிப் பணியாக அதை ஆக்கலாம் என்பதைப் பாடத்திட்டக் குழுவினர் கருத வேண்டும்.

மற்றோர் எதிர்வாதம் நம் மரபிலிருந்தே வருகிறது. தமிழ்க் கல்வி செவிவழிக் கல்வி, குறளில் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு, ஒலிநூல்கள் போதும், பிரெய்லின் காலம் முடிந்தது என்று சில கருத்தரங்குகளில் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வாறு சொன்னவர்களுள் என் மதிப்புக்குரியவர்களும் உண்டு. அவர்களோடு உடன்பட என்னால் இயலவில்லை. ஒலிநூல்களின் தொண்டு பெரிது. 1990இல் தொடங்கிய பெங்களூரின் மித்ரஜோதி போன்ற அமைப்புகளின் பேசும் நூலகங்கள் பல மாணவர்களைக் கரைசேர்த்திருக்கின்றன. ஆனால் எழுத்தையே ஆராயும் துறைக்கு ஒலி மட்டும் போதாது. ‘அந்நாள்’ என்பதற்கும் ‘அன்னாள்’ என்பதற்கும் பொருள் வேறு, செவிக்கு ஒன்று. எழுத்தெழுத்தாகக் கேட்கச் செய்யலாம் என்பார்கள். ஒரு சொல்லுக்குச் செய்யலாம், ஒரு நூலுக்கு யாரால் முடியும்? யாப்பு நோக்கிச் சீர் பிரித்து அச்சிட்ட செய்யுளைத் திரைவாசிப்பான் சீர் சீராக வெட்டி வாசிக்கும்போது சொல் எங்கே முடிகிறது என்பது தொலைந்துபோகிறது. கண் பின்னோக்கிப் போய்ச் சொல்லைக் கூட்டிக்கொள்கிறது. பிரெய்லில் விரலும் அதைச் செய்யும். ஓடுகிற ஒலியில் அது கடினம். பிரெய்லில் நகரம், னகரம், ணகரம் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு புள்ளிக் கூட்டங்கள். ஆகவே மொழி பயிலும் பார்வையற்ற மாணவருக்குப் பிரெய்லும், பிரெய்ல் காட்டியும் ஒலிக்குத் துணையாக அல்ல, ஒலிக்கு நிகராக வேண்டும்.

செவி மரபைச் சொல்பவர்கள் அந்தகக்கவி வீரராகவ முதலியாரைச் சான்று காட்டுவார்கள். காட்டத்தக்கவரே. பிறவியிலேயே பார்வையற்ற அவர் புலமையால் பெரும்புகழ் பெற்றார். ஆனால் அவர் கற்ற விதம் பற்றி வழங்கும் மரபுச் செய்தியை முழுமையாகச் சொல்ல வேண்டும். எழுத்துகளை முதுகில் எழுதிக் காட்டச் செய்து அவர் எழுத்தறிவு பெற்றார் என்பது அது. செவியொன்றே போதும் என்ற கருத்து அவர் காலத்திலேயே இருந்திருந்தால் அவருடைய முதுகில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வடிவத்தை உடம்பால் உணர்ந்து எழுத்தை அறிய வேண்டும் என்று அக்காலத் தமிழாசிரியர் கருதியதாக அம்மரபு நமக்குச் சொல்கிறது. இலக்கிய வரலாற்று நூல்களில் இச்செய்தி ஒரு வியப்புக் கதையாக மட்டும் கடந்துபோகிறது. கல்வி வரலாற்றாளர்கள் இதைத் தொடு எழுத்து முறையின் பதிவாக எடுத்து ஆராய வேண்டும். அக்காலத்தில் புலமைத் தேர்வும் அரங்கேற்றமும் வாய்மொழியாக நடந்தன என்பதையும் மறக்கலாகாது. நம் பல்கலைக்கழகமோ எழுதுவதையே வாயிலாக வைத்திருக்கிறது. எழுத்தில் தேர்வு எழுதச் சொல்லிவிட்டு, கற்பதற்கு மட்டும் செவியைக் காட்டுவது நியாயமாகாது.

தேர்வைப் பற்றிய என் வாதம் இதைத் தொடர்ந்து வருவது. பார்வையற்றோர் தேர்வு என்றாலே சொல்வதை எழுதுபவர் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். 2013 பிப்ரவரி 26இல் நடுவண் சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துப் படியுங்கள். பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, விடைகளை ஒலிப்பதிவு செய்தல் ஆகியவற்றுள் தமக்கு ஏற்ற முறையைத் தேர்வர் தேர்ந்தெடுக்க இயன்ற மட்டும் இடம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. கணினியில் எழுதுபவர் முந்தைய நாளே அதைச் சோதித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. அந்த வாசகத்தை யாரும் மறுக்கவில்லை; அதைப் பயன்படுத்தியவர்களும் மிகக் குறைவு. 2018 ஆகஸ்டில் திருத்தப்பட்ட வழிகாட்டுதலிலிருந்து நம் தேர்வுப் பிரிவுகள் எடுத்துக்கொண்டவை இரண்டே: மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும், தேர்வரே அழைத்துவரும் எழுதுபவரின் கல்வித் தகுதி ஒரு படி குறைந்திருக்க வேண்டும் என்பதும். பெங்களூரில் தமிழ் முதுகலை படிக்கும் பார்வையற்ற மாணவரை எண்ணிப் பாருங்கள். தமிழில் பிழையின்றி எழுதத் தெரிந்த, தகுதி வரம்புக்கு உட்பட்ட, தேர்வு நாட்களில் எல்லாம் வரக்கூடிய ஒருவரை, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளர்பவர்கள் மிகுந்த நகரத்தில் அவர் தேட வேண்டும். கிடைத்தவர் வெண்பாவின் தளையை எப்படி எழுதுவார்? ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைந்தால் அது யார் பிழை? பிழையின்றி அமைந்தால் அது யார் புலமை? எழுதுபவர் வேண்டுவோருக்கு அவர் கட்டாயம் கிடைக்க வேண்டும். விகாஷ் குமார் தீர்ப்பு காத்துத் தந்த உரிமையில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது. ஆனால் கணினியில் தம் கையால் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்த மாணவருக்கும் வேறொருவர் கையையே திணிப்பது தகவமைப்பாகாது. வினாத்தாள் எழுத்துக் கோப்பாக வந்தால் அவர் தாமே வாசித்துத் தாமே எழுதுவார். வினாத்தாள் அப்படி வராததால்தான் ஒரு வாசிப்பவர் தேவைப்படுகிறார். வாசிக்க வந்தவரையே எழுதவும் வைக்கிறோம்.

முறைகேடு நடக்கும் என்கிறார்கள் தேர்வு அலுவலர்கள். முறைகேட்டின் வாய்ப்பைக் காட்டி உரிமையை மறுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது. இணையத் தொடர்பைத் துண்டித்த கணினியில் எழுதுவதைக் கண்காணிப்பது, இருவர் தாழ்குரலில் பேசிக்கொள்வதைக் கண்காணிப்பதைவிட எளிது. வினாத்தாள் கோப்பாக இருந்தால் கசியும் என்பது மற்றொரு கவலை. எல்லா வினாத்தாளும் அச்சுக்குப் போகுமுன் கோப்பாகத்தான் இருக்கிறது. ஓரிரு மாணவருக்காக இவ்வளவா என்னும் கேள்வியும் எழும். ஒருங்குறியில் அமைந்த பாடம் அந்த ஓரிருவரோடு நிற்பதில்லை. படிப்பதில் இடர்ப்படும் மாணவர் கேட்டுப் படிக்கவும், பார்வை மங்கியவர் பெரிதாக்கிப் படிக்கவும், எல்லோரும் சொல் தேடவும் அது உதவும். மேலும், மாணவர் குறைவாக இருப்பதற்கு நாம் பாடம் தராததும் ஒரு காரணம் என்னும்போது, அந்தக் குறைவையே வாதமாக வைக்கலாகாது. பதிப்புரிமையைக் காட்டி ஒதுங்கவும் வழியில்லை. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளர் அணுகும் வடிவங்களை இலாபநோக்கின்றி ஆக்கிக்கொள்ள இடம் தருகிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வகைசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை உலகிலேயே முதலில், 2014இல், உறுதிசெய்த நாடு நம்முடையது. 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயம் என்னும் இணைய நூலகத்தில் பல்கலைக்கழகங்கள் தம் பாடநூல்களைச் சேர்க்கலாம். ஆசிரியர்களுக்குக் கூடுதல் சுமை என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் இதைத் தனி ஆசிரியரின் நல்லெண்ணத்திடம் விடாமல், பல்கலைக்கழகம் அச்சகத்துக்குத் தரும் ஒப்பந்தத்திலேயே, ஒருங்குறிக் கோப்பை ஒப்படைத்த பிறகே பணம் வழங்கப்படும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்கிறேன். அந்த ஒரு வரி வந்துவிட்டால் டி.டி.பி. மேசைகளில் பழைய எழுத்துரு நெடுநாள் நிற்காது.

இக்கருத்தரங்கின் ஆய்வுக்கோவை இன்று பிற்பகல் வெளியிடப்படுகிறது. பதிப்புக் குழுவினரிடம் தலைமையின் சார்பில் ஒரு வேண்டுகோளை முறைப்படி முன்வைக்கிறேன். அவை இசைந்தால் இதைத் தீர்மானமாகவே பதிவு செய்யலாம். கோவையின் முழு எழுத்துக் கோப்பு, தலைப்புகளும் அடிக்குறிப்புகளும் முறையாக அடையாளமிடப்பட்டு, ஒருங்குறியில், இலவசமாக, அச்சுப்படி வெளிவரும் அதே நாளில் கிடைக்க வேண்டும். பழைய எழுத்துருவில் கட்டுரை அனுப்பியிருக்கும் அறிஞர்கள் நிறைவு விழாவுக்குள் மாற்றித் தர வேண்டுகிறேன். மாற்றித்தரத் துறை மாணவர்கள் அணியமாக இருக்கிறார்கள். பார்வையற்ற ஆய்வாளர்கள் கட்டுரை படிக்கும் முதல் அமர்விலேயே, மற்றவர்களுடைய கட்டுரைகளையும் அவர்கள் முன்கூட்டி வாசித்துவிட்டு வந்து வினா எழுப்ப முடிய வேண்டும். ஆகவே அந்த அமர்வின் ஐந்து கட்டுரைகளின் கோப்புகளையேனும் தேநீர் இடைவேளைக்குள் அவர்களிடம் சேர்க்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.